பாறையைப் பார்க்க நின்ற பஸ்

நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பஸ்ஸில் ஏறியதும் ஜன்னலோர இடத்துக்கு அடித்துக்கொள்கிறோம். இடம் கிடைத்ததும் கண்ணை மூடிக்கொள்கிறோம். போன வாரம் காரிமங்கலத்தில் ஒரு வளைகாப்புக்குப் போனபோது நானும் அதைத்தான் செய்தேன். பாதித் தூக்கத்தில் யாரோ என் தோளைத் தட்டினார்கள். முன் சீட்டில் நின்றுகொண்டு பின்பக்கம் திரும்பியிருந்த ஒரு குழந்தை. என்னை அதற்குத் தெரியாது, அதை எனக்கும் தெரியாது.

"ஆயா, எல்லா மாடும் ஒரே பக்கம் பாக்குது" என்றது.

எட்டிப் பார்த்தேன். பக்கத்தில் போன மினி லாரியில் சந்தைக்குப் போகும் மாடுகள் நின்றிருந்தன. எல்லாமே, ஒன்று பாக்கியில்லாமல், தலையைத் திருப்பி எதையோ பார்த்தபடி போயின. எதை என்று நான் கண்டுபிடிப்பதற்குள் லாரி முந்திக்கொண்டு போய்விட்டது.

"ஆயாவ தூங்க வுடுடி" என்று குழந்தையின் அம்மா அதைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நான் தூங்கலம்மா" என்றேன். பொய்தான்.

வளைகாப்பில் வளையல் அடுக்கும்போதும், இலையில் உட்காரும்போதும், எனக்கு வேறு ஒரு பஸ்தான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. நான் நாலாவது முடித்திருந்த கோடை விடுமுறை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அப்போது நாங்கள் அரூரில் இருந்தோம். அப்பா பஸ் கண்டக்டர். அரூரிலிருந்து சித்தேரி மலைக்குப் போய்வரும் வண்டியில் வேலை. காலையில் ஒரு தடவை, மத்தியானத்துக்கு மேல் ஒரு தடவை. தெருவில் அதற்கு 'எங்கப்பா பஸ்' என்று பெயர், வைத்தது நாங்கள்தான். எனக்கு ஒரு தங்கை, நாலு வயது நிரம்பாதவள். அம்மாவின் வயிற்றில் இன்னொன்று இருந்தது.

பள்ளிக்கூடம் விட்ட வாரத்தில் அம்மாவைத் தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். பல நாள் கழித்துத் திரும்பி வந்தபோது கையில் குழந்தை இல்லை. எங்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அம்மா நேராக உள்ளே போய்ப் பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தங்கை வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்து பார்த்துவிட்டு, "கொழந்தைய வண்டியிலியே வுட்டுட்டு வந்துட்டாங்களா?" என்று கேட்டாள். அத்தை அவள் வாயைப் பொத்தி வெளியே தூக்கிக்கொண்டு போனார்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. வீட்டைப் பார்த்துக்கொள்ளப் பாப்பாரப்பட்டியிலிருந்து வந்திருந்தார். கெட்டவர் இல்லை. அம்மாவுக்குக் கறிவேப்பிலைத் துவையலும் பூண்டுக் குழம்பும் பார்த்துப் பார்த்துச் செய்துபோட்டவர். ஆனால் துக்கப்பட்டவள் காதில் சத்தம் விழக் கூடாது என்பதில் அவருக்கு அசையாத நம்பிக்கை. ரேடியோவைத் துணி போட்டு மூடினார். பாத்திரத்தைக்கூடக் கோணிமேல் வைத்துக் கழுவினார். வீட்டில் எல்லாவற்றையும் மூட முடிந்தது, தங்கையைத் தவிர. அவள் தூக்கத்தில்கூடப் பேசுவாள்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அத்தை அப்பாவிடம் சொன்னார்: "தம்பி, பகல்ல இந்த ரெண்டையும் எங்கியாவது கூட்டிட்டுப் போயிடு. அவ கொஞ்சம் நிம்மதியா கெடக்கட்டும்."

அப்பாவுக்கு 'எங்கியாவது' என்று போக ஒரே இடம்தான் இருந்தது. மறுநாள் காலை எங்கள் இரண்டு பேரையும் பஸ்ஸில் ஏற்றினார். தங்கைக்கு டிக்கெட் வேண்டாத வயது. எனக்கு ஒவ்வொரு தடவையும் அரை டிக்கெட் கிழித்துக் கையில் கொடுத்தார். "தொலைச்சிடாத. செக்கிங் வந்தா காட்டணும்" என்றார். அந்த மெல்லிய ரோஸ் நிறக் காகிதத்தை நான் உள்ளங்கையில் வியர்க்க வியர்க்க வைத்திருப்பேன். இறங்கும்போது அதன் சாயம் கையில் ஒட்டியிருக்கும்.

அந்தக் காலத்துப் பஸ் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடி, அதன் மேல் மடித்துப் போட்ட சாக்கு, உட்கார்ந்தால் தொடை சுடும். டீசல் வாசனை, ரப்பர் பந்து வைத்த ஹாரன், கண்ணாடி இல்லாமல் மேலும் கீழும் இழுக்கிற தகர ஜன்னல். அப்பாவின் தோல் பையிலிருந்து சில்லறையும் வெற்றிலையும் கலந்த ஒரு வாசனை வரும். எங்களை எஞ்சின் மூடியின் மேல்தான் உட்கார வைத்தார். கண்ணுக்கு முன்னால் முழு ரோடும் தெரியும் இடம்.

டிரைவர் மாமா பேசாத மனிதர். 'ம்' என்பதுதான் அவருக்குத் தெரிந்த வார்த்தை என்று நான் நினைத்திருந்தேன். பஸ்ஸில் மற்றவர்களும் அப்படித்தான் இருந்தார்கள். தபால்காரர் ஏறினால் தபால் பையின்மேல் தலையை வைப்பார், மலை ஏறி முடியும்வரை எழுந்திருக்க மாட்டார். பலாப்பழம் விற்கும் அம்மா ஒருவர் காலையில் காலிக் கூடைகளோடு ஏறுவார், கூடைக்குள்ளேயே முகத்தை வைத்துத் தூங்குவார். எல்லோருக்கும் தினமும் போகிற ரோடு. அதில் பார்க்க என்ன இருக்கிறது?

முதல் நாள், மலை ஏறத் தொடங்கிய முதல் வளைவில் பஸ் திரும்பியது. எதிரே இருந்த மலை மெல்ல நகர்ந்து எங்களுக்கு முதுகைக் காட்டியது.

"அக்கா, மலை பொரண்டு படுக்குது!" என்று தங்கை கத்தினாள்.

நான் சிரித்தேன். அந்த வார்த்தை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பது இந்த வயதில்தான் எனக்குப் புரிகிறது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த அம்மாவின் முதுகைத்தானே அவள் நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்று பெரியவர்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். நானும் என்னைப் பெரியவளாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன்.

டிரைவர் மாமா அவளைத் திரும்பிப் பார்த்தார். "ம்" என்றார்.

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. பஸ்ஸுக்குப் பின்னால் எழும்பிய புழுதியைப் பார்த்து, பஸ்ஸுக்கு வால் முளைத்திருக்கிறது என்றாள். ஓரத்தில் ஓடிய எங்கள் நிழலைப் பார்த்து, "அந்த பஸ்ஸுல ஜனமே இல்ல, பாவம்" என்றாள். புளிய மரத்தில் ஏறி உலுக்கிக்கொண்டிருந்தவரின் கால் மட்டும் தெரிந்தபோது, மரம் ஆள் காய்த்திருக்கிறது என்றாள். வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளி விழுந்த ஒரு பெரிய பாறையைத் தாண்டும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினாள். "பாறைக்கு அம்மை வார்த்திருக்கு. சத்தம் போடாதீங்க."

பலாப்பழக்காரம்மா கூடையிலிருந்து முகத்தை எடுத்தார். "எங்க கண்ணு?"

"தோ, அங்க!"

"ஆமாஞ் சாமி! நானும் கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இந்த வழியா போறன். பாத்ததே இல்ல."

மறுநாளிலிருந்து அந்தப் பாறை வரும் முன்பே அவர் விழித்துக்கொண்டார். பாறைக்குக் குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா என்று இரண்டு பேரும் பேசிக்கொள்வார்கள். பிறகு தபால்காரர் எழுந்தார். முதலில், "என்னாத்துக்கு இந்த சத்தம்?" என்று எரிந்து விழுவதற்காகத்தான் எழுந்தார். அதன்பின் ஏனோ படுக்கவில்லை. டிரைவர் மாமா ஹாரனின் ரப்பர் பந்தை அவள் அமுக்குவதற்கு விட்டார். வாத்து கத்துவது போல அது ஒரு சத்தம் போடும், வளைவுக்கு வளைவு பஸ்ஸே சிரிக்கும்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் தங்கை உள்ளே ஓடப் பார்ப்பாள். "அம்மாகிட்ட சொல்லணும்!" அத்தை வாசலிலேயே பிடித்துக்கொள்வார். அம்மா தூங்குகிறாள், நாளைக்குச் சொல்லலாம். நாளைக்கும் அதே பதில். சொல்லாமல் மிச்சமானதையெல்லாம் அவள் பாயில் படுத்துக்கொண்டு என் காதில் சொல்வாள்.

ஒருநாள் கோடை மழை பெய்தது. மறுநாள் காலை மலை கழுவி வைத்தது போல் இருந்தது. பாதி மலையில், எப்போதும் காய்ந்து கிடக்கும் ஒரு செங்குத்துப் பாறை வந்தபோது தங்கை எழுந்து நின்றுவிட்டாள்.

"அய்யய்யே! பாறை ஒண்ணுக்குப் போயிடுச்சு!"

"எங்க?" என்றார் டிரைவர் மாமா. அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் முழு வார்த்தை அதுதான். பிரேக் போட்டு எஞ்சினை நிறுத்தினார். அந்த அமைதியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

எல்லோரும் இறங்கினார்கள். பாறையின் நடு வெடிப்பிலிருந்து விரல் கனத்துக்கு ஒரு நீர்க்கோடு வழிந்துகொண்டிருந்தது. அதன் இரு பக்கமும், ஈரம் பட்ட இடத்தில் மட்டும், நகத்தளவு தவளைக் குஞ்சுகள். பாறை நிறத்திலேயே இருந்ததால் முதலில் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒன்று தாவியது. பிறகு பாறையே தாவுவது போல் ஆகிவிட்டது. இந்தக் காய்ந்த பாறையில் நேற்றுவரை இவை எங்கே இருந்தன என்று யாருக்கும் தெரியவில்லை. தபால்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளங்கையைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தார். அப்பா தோல் பையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக் குந்தி உட்கார்ந்திருந்தார். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவர் முகத்தை அப்படி நான் பார்க்கவில்லை.

அப்போதுதான் கீழிருந்து ஜீப் வந்தது. செக்கிங் அதிகாரி.

"வண்டி ரிப்பேரா?"

"இல்லீங்க சார்" என்றார் அப்பா.

"பின்ன எதுக்கு நடு ரோட்ல நிக்குது?"

அப்பா டிரைவர் மாமாவைப் பார்த்தார். அவர் தண்ணீரைப் பார்த்தார். கடைசியில் தபால்காரர்தான், ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே, "பாறைய பாக்கறோங்க சார்" என்றார்.

அதிகாரி பாறையைப் பார்த்தார். "பாறையில என்னய்யா?"

"ஒண்ணுக்குப் போவுது" என்றாள் தங்கை.

அவர் சிரிக்கவில்லை. அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவருக்கு அது வேலை. யார் வீட்டுக் குழந்தைகள், தினமும் வருகிறார்களா, யார் சொல்லி வண்டி நின்றது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் வியர்வையில் நனைந்த அரை டிக்கெட்டை நீட்டினேன். அதை அவர் வாங்கிப் பார்க்கவே இல்லை. இரண்டு நாள் கழித்து அப்பாவை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். கண்டக்டர் தன் பிள்ளைகளை வேலை நேரத்தில் வண்டியில் வைத்திருந்தால் அடுத்த தடவை வேலை இருக்காது என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த அப்பா எங்களிடம், "நாளைக்கு வேணாம் கண்ணு" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நாங்கள் வீட்டோடு. அத்தை எங்களைப் பின்கட்டில் உட்கார வைத்துப் புளி கொட்டை எடுக்கச் சொன்னார். தங்கை முதல் நாள் அழுதாள். இரண்டாம் நாள் புளியங்கொட்டையை வரிசையாக அடுக்கி ஹாரன் அடித்தாள். அத்தை வந்து, "மெதுவா" என்று விரலை உதட்டில் வைத்தார். அப்புறம் அவள் மெதுவாகிவிட்டாள். மெதுவாகி, மெதுவாகி, ஒருநாள் முழுக்கப் பேசவே இல்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், அவ்வளவே. "பாரு, பொண்ணு எவ்ளோ சமத்தாயிட்டா" என்று அத்தை பக்கத்து வீட்டில் சொல்லிச் சந்தோஷப்பட்டார். எனக்குப் பயமாக இருந்தது. வீட்டில் ஏற்கெனவே ஒருத்தர் அப்படிக் கிடக்கிறார், இப்போது இவளுமா?

அன்று சாயங்காலம் அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். சுவரைப் பார்த்தபடியே அம்மா கேட்டாள்:

"சின்னவ எங்க? சத்தமே காணம்?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அம்மா தானாகப் பேசியது அதுதான் முதல் முறை. நான் பதில் சொல்வதற்குள் அத்தை கதவருகில் வந்து, "சத்தம் போடக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கன். நீ கண்ண மூடிட்டுத் தூங்கும்மா" என்றார். காலையில் அப்பா பையை மாட்டும்போது அவரிடம் அதைச் சொன்னேன். அம்மா சொன்ன வார்த்தையை என்னை இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வைத்துக் கேட்டார்.

மத்தியானம் அப்பா சாப்பிட வந்தபோது கூடவே டிரைவர் மாமாவும் வந்தார். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று பேசினார். அவ்வளவு நீளமாக அவர் பேசி அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை.

"கண்டக்டர் புள்ளைங்கள வெச்சிருக்கக் கூடாதுன்னுதான சொன்னாங்க? ஒரு அம்மா டிக்கெட் எடுத்துட்டு, தன் புள்ளைங்களோட மலைக்குப் போனா யாரு கேக்க முடியும்? அவங்களையும் கூட்டிட்டு வாப்பா. பாப்பா எங்க, பாப்பா எங்கன்னு பஸ்ஸே கேக்குது." கொஞ்சம் நிறுத்தி, "எனக்கும் ரோடு ரொம்ப நீளமா இருக்குது" என்றார்.

"பச்ச ஒடம்பு. மலை ரோட்ல தூக்கித் தூக்கிப் போடும்" என்று அத்தை கோபமாகச் சொன்னார். "நாலு பேரு பாத்து, கொழந்த எங்கன்னு கேட்டா அவ என்னா பதில் சொல்லுவா?"

அது நியாயமான பயம்தான். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"தல சீவணும். சீப்பு எங்க?"

மேற்கொண்டு போகுமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அம்மா அந்தப் பயணத்தோடு சரியாகிவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். மழைக்காலம் வந்து போகும்வரை சில நாட்கள் அவள் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். தங்கைக்கோ இதில் எதுவுமே ஞாபகமில்லை. இன்று ஓசூரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்க நேரமில்லாதவள். நான் சொல்லும்போதெல்லாம், "அக்கா, நான்தான் தூங்கிட்டனே" என்று சிரிப்பாள்.

உண்மையாகவே தூங்கித்தான் போனாள். மறுநாள் காலை, விடியும் முன்பே எழுந்து கவுன் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தவள், பஸ் ஊரைத் தாண்டுவதற்குள் அம்மா மடியில் வாயைப் பிளந்து தூங்கிவிட்டாள். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், குழந்தையின் தலைமேல் கையை வைத்துக்கொண்டு, வெளியே பார்க்காமல். அப்பா எல்லோரிடமும் கேட்பது போலவே அம்மாவிடமும் வந்து, "எங்க போவணும்?" என்று கேட்டார். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "தெரியல" என்றாள். அப்பா ஒரு முழு டிக்கெட்டும் ஒரு அரை டிக்கெட்டும் கிழித்துக் கொடுத்தார்.

பஸ்ஸில் எல்லோரும் விழித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் அம்மாவிடம் எதையும் கேட்கவில்லை. பாப்பா எப்போது எழுந்திருக்கும் என்று காத்திருந்தார்கள். முதல் வளைவு வந்தது. பாப்பா எழவில்லை. டிரைவர் மாமா தொண்டையைக் கனைத்தார்.

"இந்த எடத்துல பாருங்கம்மா. மலை பொரண்டு படுக்கும். பாப்பா சொன்னது."

அம்மா பார்த்தாள். மலை திரும்பியது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது கண்ணைவிட்டு மறையும்வரை.

"அந்தப் பாறைக்கு அம்மைங்க" என்றார் பலாப்பழக்காரம்மா. "தெனம் பாக்கறன், எறங்கவே மாட்டேங்குது."

தபால்காரர் எழுந்து முன்னால் வந்தார். "இது பாப்பா சொன்னதில்லீங்க. நானே கண்டுபுடிச்சது. அந்த மைல் கல்லு வரும் பாருங்க. யாரோ தெனம் அதுக்குப் பொட்டு வெச்சிட்டுப் போறாங்க. யாருன்னு தெரியல. தெனம் புதுசா இருக்கு." கல் வந்தது. வெள்ளைக் கல்லின் நெற்றியில் ஈரக் குங்குமம். தபால்காரர் எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தார், அதை அவரே வைத்தது போல.

இன்னும் கொஞ்சம் மேலே போனதும் அப்பா அம்மாவின் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். ஆஸ்பத்திரிக்குப் பின் அவர்கள் இரண்டு பேரும் தண்ணீர் வேண்டுமா, மாத்திரை போட்டாயா என்பதற்கு மேல் பேசி நான் பார்க்கவில்லை.

"கைய வெளிய நீட்டிப் பாரு" என்றார் மெதுவாக. "இந்தத் திருப்பத்துல மட்டும் காத்து குளுரும்."

அம்மா கையை நீட்டினாள். காற்று அவள் விரல்களுக்கு நடுவே போனது. திருப்பம் முடிந்து வெயில் வந்த பிறகும் கையை உள்ளே எடுக்கவில்லை.

மலைமேல் ஊர் தொடங்கும் இடத்தில் ரோட்டுக்குக் கீழே சரிவில் சில வீடுகள் இருந்தன. அம்மா திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அய்யோ, அந்த ஆடு எப்படி அங்க ஏறுச்சு?"

டிரைவர் மாமா வண்டியை நிறுத்தினார். செக்கிங் பற்றி யாருக்கும் நினைவில்லை. ஒரு கூரை வீட்டின் உச்சியில் கறுப்பு ஆடு ஒன்று நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் மரம் இல்லை, திட்டு இல்லை, ஏணி இல்லை. வேய்ந்திருந்த புல்லை நிதானமாக இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஒரு பக்கத்து ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். அங்கிருந்து குதித்திருக்கும், இங்கிருந்து தாவியிருக்கும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எதுவும் பொருந்தவில்லை.

வண்டி நின்ற சத்தம் கேட்டு வீட்டுக்காரர் வேட்டியைக் கட்டிக்கொண்டே வெளியே வந்தார். "என்னாங்க, எதுக்கு இங்க நிக்குது வண்டி?"

"கூரைய பாருங்க!" என்று பலாப்பழக்காரம்மா கத்தினார்.

அவர் வாசலில் நின்று கூரையின் அடிப்பக்கத்தை உற்றுப் பார்த்தார். "நல்லாத்தான இருக்குது?" என்றார். அவர் தலைக்கு நேர்மேலே ஆடு ஒரு கற்றைப் புல்லை வாயில் வைத்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தது.

அம்மா சிரித்தாள். முதலில் மூச்சு மட்டும்தான் வந்தது. பிறகு குரல் வந்தது. தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள், மறுபடி துடைத்தாள். எது சிரிப்பு எது அழுகை என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. மடி ஆடியதில் தங்கை விழித்துக்கொண்டாள்.

"என்னம்மா? என்னா அங்க?"

அம்மா அவளைத் தூக்கி ஜன்னல் கம்பிமேல் நிற்க வைத்து, இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "தோ பாரு, அங்க."

தங்கை ரொம்ப நேரம் பார்த்தாள். "அது எப்படிம்மா எறங்கும்?"

"தெரியலியே கண்ணு" என்றாள் அம்மா. "இரு, பாக்கலாம்."

அப்பா வாயிலிருந்த விசிலை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அவர்களுக்குப் பின்னால் வந்து குனிந்து நின்றார்.